ஜகதீச சந்திர போஸ்

சேலத்தினின்றும் திருச்செங்கோடு செல்லும் சாலையில் ஆட்டையாம்பட்டி என்னும் ஊர் உளது. கைமுறுக்கினாற் பெயர் பெற்றதும் தறியொலி ஓயாததுமாகிய இவ்வூருக்கு மேற்கே சங்ககிரியும் தெற்கே நாமக்கல்லும் லாரித் தொழிலால் நாடெங்கும் அறியப்பட்டவை. வடநாட்டுக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகளும், திருச்செங்கோட்டினின்றும் ஆழ்துளைக் கிணறு தோண்டப் புறப்படும் ரிக் வண்டிகளும் இப்பக்கத்துச் சாலைகளில் இரவும் பகலும் ஓடுகின்றன. இவற்றுள் ஒரு வண்டி மற்றொரு வண்டியோடு பேசுவதற்கு இதுகாறும் உள்ள மொழி ஹாரனும் விளக்குமே. ஓடும் வண்டிகள் கம்பியில்லா அலைகளால் தமக்குள்ளே செய்தி கடத்திக்கொள்ளும் முறையொன்று இந்நாளில் உலகெங்கும் ஆராயப்பட்டு வருகின்றது. அதனைப் பற்றி யாம் வாசிக்கப் புகுந்தபோது, அத்துறைக்குரிய சிற்றலைகளின் வரலாறு எம்மைக் கல்கத்தாக் கல்லூரி ஒன்றின் சிற்றறைக்குக் கொண்டுபோய் விட்டது. அவ்வறையில் உழைத்த பெரியாரின் சரிதத்தையே ஈண்டு எழுதத் துணிந்தோம். தமிழ் பயில்வார்க்கு மின்னலையில் யாது வேலை என விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகுதல் கூடும், நகுக. அவர்கள் எழுதாது விட்டமையின் யாம் எழுதுகின்றோம்.

ஜகதீச சந்திரர் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள், இப்போது வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங் நகரில் பிறந்தார். இவர் தந்தையார் பகவான் சந்திரர், துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். உத்தியோகஸ்தர் பிள்ளைகளெல்லாம் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்லும் அக்காலத்தில், பகவான் சந்திரர் தம் மகனைத் தாய்மொழிப் பாடசாலைக்கே அனுப்பினார். ஆங்குத் தம் தந்தையாரின் முகமதிய ஏவலாளர் மகன் ஒருபுறமும், மீனவர் மகன் மற்றொருபுறமும் அமர, நடுவே அமர்ந்து கற்றார் ஜகதீசர். நீரில் வாழ்வனவற்றைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் அவ்விளந்தோழர் கூறிய கதைகளே தமக்கு இயற்கைநூலில் வேட்கை பிறப்பித்தன என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பள்ளிக்கு அவரைத் தோளிற் சுமந்து சென்றவனோ, தந்தையாராலேயே தண்டிக்கப்பட்டுச் சிறைமீண்ட ஒரு கொள்ளைக்காரன் என்பர். பிழைக்க வழியின்றி வந்து நின்ற அவனுக்கு வேலை கொடுத்ததோடன்றித் தம் குழந்தையையும் அவன் கையில் ஒப்புவித்த அம்மாஜிஸ்திரேட்டின் நெஞ்சுரத்தை யாம் வியவாதிருத்தல் இயலவில்லை.

பின்னர்க் கல்கத்தாவில் ஹேர் பள்ளியிலும், ஏசு சபையார் நடாத்திய புனித சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். மிஷன் கலாசாலை மாணவராகிய நமக்கு இவ்விடம் சிறிது நின்று நோக்கத்தக்கது. அங்கு இயற்பியல் போதித்த லாபோன் பாதிரியார் பெல்ஜிய நாட்டினர். 1865இல் கல்கத்தா வந்தவர். அவர் பாடத்தை வாயாற் சொல்லி முடிப்பவரல்லர்; கருவியை மேசைமேல் வைத்து, இயற்கையையே பேசவைப்பவர். மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்துக்கும் அவர் பெருந்துணையாயிருந்தார். பின்னாளில் ஜகதீசர் மேடைமீது நிகழ்த்திய சோதனைகளின் நேர்த்தியைக் கண்டு உலகம் வியந்ததன்றோ? அக்கலையின் முதற்பாடம் லாபோன் அடிகளின் வகுப்பறையிற் கற்றதே.

1880இல் மருத்துவம் கற்கும் நோக்குடன் இங்கிலாந்து சென்றார். இடைவிடாக் காய்ச்சலும் பிணவறை நாற்றமும் அவரை அப்படிப்பைக் கைவிடச் செய்தன. கேம்பிரிட்ஜ் சென்று கிறைஸ்து கல்லூரியிற் சேர்ந்து, இயற்கை விஞ்ஞானத்தில் 1884இல் பட்டம் பெற்றார். ஆங்கு அவருக்கு ஆசிரியராய் வாய்த்தவருள் ராலே பிரபு தலையாயவர்.

1885இல் தாய்நாடு மீண்டு, கல்கத்தா மாகாணக் கல்லூரியில் தற்காலிக இயற்பியற் பேராசிரியரானார். இங்கே அவர் வாழ்வின் முதற்போர் தொடங்கிற்று. அக்கல்வித்துறையில் வெள்ளையர்க்கு முழு ஊதியம்; அதே வேலையைச் செய்யும் இந்தியர்க்கு மூன்றில் இரண்டு பங்கு; தற்காலிகப் பதவியாயின் அதிலும் பாதி. ஆகவே ஜகதீசருக்குக் கிடைக்கக்கூடியது மூன்றில் ஒரு பங்கே. அவர் வேலையை விட்டு விலகவில்லை; கூச்சலிடவுமில்லை. நாடோறும் வகுப்புக்கு வந்தார், செவ்வனே கற்பித்தார், திங்கள்தோறும் வந்த ஊதியத்தைத் தொடாது திருப்பிவிட்டார். ஓராண்டன்று, ஈராண்டன்று, மூன்றாண்டுகள். அக்காலத்துத் தந்தையாருக்குக் கடன் மிகுந்திருந்தது. ஊர்க் கைத்தொழில் தழைக்கவேண்டும் என்று பல முயற்சிகளில் முதலிட்டு இழந்தவர் அவர். 1887இல் ஜகதீசருக்குத் திருமணமும் ஆயிற்று. மனைவியார் அபலாதேவி நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1882 முதற்கொண்டு பயின்று, உடல்நலம் குன்றியமையால் படிப்பை முடியாது மீண்டவர். வருவாயற்ற அவ்வீட்டை நடாத்திய பெருமை அவ்வம்மையாரையே சாரும். சரிதமெழுதுவோர் பலர் இதனை ஒருவரியில் எழுதிக் கடந்து விடுகின்றனர். முடிவில் அரசாங்கம் இணங்கி, பதவியை நிலையாக்கி, மூன்றாண்டு ஊதியத்தையும் குறைவின்றி ஒருசேர அளித்தது. அத்தொகையும் பரம்பரைச் சொத்தை விற்ற பணமும் கடன்காரரைச் சென்றடைந்தன.

முப்பத்தாறாம் பிறந்தநாளில், அஃதாவது 1894 நவம்பரில், இனி ஆராய்ச்சியே தம் வாழ்வென உறுதி பூண்டார். மாக்ஸ்வெல் என்பார் கணக்கினாற் கண்ட மின்காந்த அலைகளை ஜெர்மானியராகிய ஹெர்ட்ஸ் 1887, 1888ஆம் ஆண்டுகளிற் சோதனையாற் காட்டினார். ஆயினும் 1894 ஜனவரியில் இளமையிலேயே இறந்தார். அவர் விட்ட பணியைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதியதே ஜகதீசரைத் தூண்டிற்று.

அவர் கருதியது யாது? ஒளியும் மின்னலையும் ஓரினத்தன என்றால், ஒளி செய்வன அனைத்தையும் மின்னலையும் செய்தல் வேண்டும்: கண்ணாடியிற் பட்டுத் திரும்புதல், பட்டகத்தில் வளைதல், படிகத்தில் இருகூறாதல் இவையெல்லாம். ஆனால் ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை. நெடிய அலைக்கு நெடிய கருவி வேண்டும். பட்டகம் ஆளுயரம் இருத்தல் வேண்டும். ஜகதீசரோ கருவியைப் பெரிதாக்காது அலையைச் சிறிதாக்கினார். 25 மில்லிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளைப் பிறப்பித்தார். ஐந்து மில்லிமீட்டர் அலை என்பது ஒரு வினாடிக்கு 6,000 கோடி முறை அதிர்வது. அதனால் அவருடைய ஆராய்ச்சிசாலை முழுதும் ஒரு மேசைமேல் அடங்கிற்று.

அரசாங்கம் பொருளுதவவில்லை, தேர்ந்த கருவித் தொழிலாளரும் இலர். உள்ளூர்த் தகரத் தொழிலாளர் ஒருவரைப் பழக்கி வேலை வாங்கினார். அலையைச் சேர்த்து வாங்கும் உலோகப் புனல், அதனை நடத்திச் செல்லும் குழல், கந்தகத்தாற் செய்த வில்லை என ஒவ்வொன்றும் தாமே வகுத்தவை. இப்புனலும் குழலும் இன்று உலகெங்கும் ஆராய்ச்சிசாலைகளில் இருப்பன. அலையின் அதிர்வுத் திசையை வடிகட்டுவதற்கு விலையுயர்ந்த பொருளைத் தேடாது, பிராட்ஷா ரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்து, ஏடுகளினிடையே ஈயத்தாள் செருகினார், வேலை முடிந்தது. சர்க்கரைப் பாகு ஒளியின் திசையைத் திருப்புதல் போல மின்னலையைத் திருப்பும் பொருளுக்கு, முறுக்கிய சணலைக் கட்டிவைத்தார். வங்காளத்திற் சணலுக்கா பஞ்சம்? நம் சேலத்தில் இருந்திருப்பின் பாவுநூலை எடுத்திருப்பார் போலும்.

1895 மே மாதம் வங்காள ஆசியக் கழகத்தில் முதற்கட்டுரை படித்தார். அடுத்த கட்டுரையை ராலே பிரபு ராயல் சொஸைட்டிக்கு அளித்தார். லண்டன் சர்வகலாசாலை 1896இல் டாக்டர் பட்டம் வழங்கிற்று. கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் காட்டிய சோதனை இன்றும் பேசப்படுவது. ஓரறையிற் பிறந்த அலை சுவர்களை ஊடுருவி, தலைமை வகித்த லெப்டினன்ட் கவர்னரின் பருத்த உடலையும் ஊடுருவிச் சென்று, அப்பால் 75 அடித் தூரத்தில் மணியை ஒலிக்கச் செய்தது, துப்பாக்கியை வெடிக்கச் செய்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. 1897 ஜனவரி 29ஆம் நாள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வெள்ளிக்கிழமை இரவுச் சொற்பொழிவு நிகழ்த்தி, தம் கருவியின் உள்ளமைப்பு முழுவதையும் திறந்து காட்டினார். இவ்வளவு பணம் தரக்கூடிய பொருளை மறைக்காது காட்டுகின்றாரே என்று ஆங்கிலப் பொறியியல் இதழொன்று வியப்புற்றது.

இனி, சாலைக்கு வருவோம். ஓடும் வண்டிகளிடையே செய்தி கடத்துதல் எங்ஙனம் என்பதை அறிந்தாலன்றி ஜகதீசரின் சிற்றலை இன்று எங்கே நிற்கின்றது என்பது விளங்காது.

வீடு கட்டுமிடத்தில் ஆட்கள் வரிசையாய் நின்று செங்கலைக் கைமாற்றி மேலேற்றுதலைப் பலரும் கண்டிருப்போம். நிற்கும் வரிசையாதலின் வழி எளிது. அவ்வாட்கள் அனைவரும் வெவ்வேறு வேகத்தில், சிலர் எதிர்த்திசையிலும், ஓடிக்கொண்டே கைமாற்றுவதாக எண்ணுக. ஓடும் வண்டிகளின் நிலை அதுவே. தலைமை நிலையம் ஒன்றும் இல்லை, கோபுரமும் இல்லை, ஒவ்வொரு வண்டியும் தன் செய்தியை அனுப்பும், பிறர் செய்தியை வாங்கும், தனக்கு வேண்டாததையும் அடுத்த வண்டிக்குக் கடத்தும். அலை சில நூறு மீட்டரே எட்டுமாதலின் பல கை மாறியே தூரம் செல்லவேண்டும்.

வழி காண்பதற்குச் சில உபாயங்கள் உள. வேண்டும்போது வினவியறிதல் ஒன்று. செய்தி போகவேண்டிய வண்டி எங்கே என்று கேள்வியொன்றை எல்லா வண்டிகளுக்கும் பரப்பி, விடைவந்த வழியே செய்தியை விடுவது. வழி கண்டுபிடித்து முடிப்பதற்குள் நடுவிலிருந்த வண்டி கிளைச்சாலையில் திரும்பிவிடின் வழி அறுந்துபோம். ஆதலின் வழியை நினைவில் வையாது, இடத்தை மட்டும் பார்ப்பது மற்றொன்று: என்னருகில் உள்ள வண்டிகளுள் சேருமிடத்துக்கு மிக அணித்தாய் உள்ளது எதுவோ, அதனிடம் கொடுத்துவிடுவேன். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இம்முறையை வகுத்து, முன்னே வண்டியில்லா வெற்றிடம் வந்துவிடின் அவ்வெற்றிடத்தின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போகும் விதியையும் சேர்த்தனர். நள்ளிரவில் நம் ஊர்ச் சாலையில் சுற்றிப்போகவும் வண்டியிராது. அப்போது செய்தியை ஏந்திய லாரி அதனைச் சுமந்துகொண்டே ஓடி, எதிரே ஒரு வண்டி தென்படும்போது கொடுக்கும். பழங்காலத்து அஞ்சற்காரர் செய்ததும் இதுவன்றோ! கூட்டம் மிகுந்தவிடத்து நேர்வது நேர்மாறான இடர்: ஒரு செய்தியைக் கேட்ட அத்தனை வண்டிகளும் ஒரே கணத்தில் திருப்பிச்சொல்லின் சந்தைக்கூச்சலாய் ஒன்றும் கேளாது. ஆதலின் மிகத் தொலைவிற் கேட்ட வண்டியே முதலிற் சொல்லவேண்டும். அதைக் கேட்ட மற்றவை வாயடக்க வேண்டும் என விதித்தனர்.

இவையெல்லாம் வெறும் கணக்கு விளையாட்டல்ல. தருமபுரியினின்றும் சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாரவண்டிகள் பிரேக் பிடியாது முன்வண்டிகளின்மேல் மோதி அவ்விறக்கத்தில் மாண்டோர் பலர். வளைவுக்கு இப்பால் வரும் ஓட்டுநர்க்கு அப்பால் நிகழ்ந்தது தெரியாது. சிற்றலையும் ஒளியைப் போல நேரே செல்வதாதலின் மலையை வளைந்து வாராது. வளைவில் நிற்கும் வண்டியொன்று வாங்கிக் கடத்தினால் மட்டுமே செய்தி இப்பால் வரும். லாரி ஓட்டுநரை எதிர்நோக்கியிருக்கும் குடும்பங்கள் நிறைந்த இத்தாலூக்காக்களில் அந்த ஒரு கைமாற்றத்தின் விலை இன்னதென்று யாம் சொல்லவேண்டா.

இம்முயற்சி முற்றிலும் புதியதும் அன்று. 1977 நவம்பர் 22ஆம் நாள் கலிபோர்னியாவில் நெடுஞ்சாலையில் ஓடிய வேன் ஒன்றினின்றும் கம்பியில்லா வழியாய்ப் புறப்பட்ட செய்தி மூன்று வகை வலைகளைக் கடந்து சென்று சேர்ந்தது. 1999இல் அமெரிக்க அரசு வண்டிப் பேச்சுக்கென அலைவரிசைப் பகுதி ஒன்றை ஒதுக்கிற்று. அவ்வலையின் நீளம் ஏறக்குறைய 5 செண்டிமீட்டர். வண்டியின் முகப்பிலிருந்து முன்னுள்ள பொருளின் தூரத்தை அளக்கும் ராடார் அலையோ ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். ஜகதீசர் கையாண்டவை 25 முதல் 5 மில்லிமீட்டர் என்று மேலே கூறினோம். ஆகவே வண்டிகள் பேசும் அலை அவருடைய நெடிய அலையினும் இருமடங்கு. வண்டிகள் பார்க்கும் அலை அவருடைய குறிய அலையினும் சற்றே குறுகியது. அவர் மேசைமேல் ஆண்ட நாடு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நூறாண்டுக்குமேல் கழித்து 2012இல் உலக மின்பொறியாளர் சங்கம் அச்சோதனைகளைத் தன் வரலாற்று மைல்கற்களுள் ஒன்றாகக் குறித்தது.

இவ்விடத்து ஒரு வழக்கைத் தீர்த்துச் செல்லல் நலம். கம்பியில்லாத் தந்தியைக் கண்டவர் ஜகதீசரே, மார்க்கோனி அதனைக் கவர்ந்துகொண்டார் என்று நம்மவருட் சிலர் முழங்குகின்றனர். யாம் அங்ஙனம் கருதவில்லை. மார்க்கோனி தேடியது தூரம். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டியது அவருடைய நெடிய அலை. சிற்றலை அதனைத் தாண்டியிராது. ஜகதீசர் தேடியது அலையின் இயல்பு. ஆனால் மார்க்கோனி அன்று கையாண்ட பாதரச உணர்கருவியைப் போன்றதொன்றை ஜகதீசர் 1899இலேயே ராயல் சொஸைட்டியில் வெளியிட்டிருந்தார் என்பது மெய். அதன் மூலம் அவரதே என 1998இல் ஓரறிஞர் விரிவாய் ஆராய்ந்து எழுதியுள்ளார். அக்கடனை ஒப்புக்கொள்வது முறை. ஒருவரை உயர்த்தற்கு மற்றொருவரைக் கள்வராக்குதல் வேண்டுவதில்லை.

1901இல் தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் உரிமைப் பத்திரத்தோடு வந்து, ஆதாயத்திற் பாதி தருவதாய் ஆசை காட்டினார். அவர் மறுத்தார், இச்செய்தியைத் தம் நண்பர் ரவீந்திரநாத தாகூருக்குக் கடிதத்தில் தெரிவித்தார். அறிவு பொதுச்சொத்து என்பது அவர் கொள்கை. ஆயினும் ஸாரா புல் என்னும் அமெரிக்க மாதின் வற்புறுத்தலால், கலீனா என்னும் ஈயக் கனிமத்தைக் கொண்டு செய்த உணர்கருவிக்கு 1901இல் விண்ணப்பம் செய்யப்பட்டது. 1904 மார்ச் 29ஆம் நாள் அமெரிக்க உரிமை கிடைத்தது. அவர் அதனாற் காசு தேடாது காலாவதியாக விட்டார். அவர் ஒரு காலும் உரிமை பெற்றதேயில்லை என்று எழுதுவோர் இதனை அறியார். குறைகடத்திகளின் துறைக்கு அக்கருவி முன்னோடி என்பதும், நோபெல் பரிசு பெற்ற நெவில் மாட் அவரைத் தம் காலத்துக்கு அறுபதாண்டு முந்தியவர் என மதித்ததும் குறிக்கத்தக்கன. கொள்கை உயர்ந்ததே, ஆனால் அவ்வுரிமையைப் பேணி, அதன் வருவாயை ஆராய்ச்சிசாலைக்குச் சேர்த்திருப்பின் பின்னர் ஊர்தோறும் நன்கொடை வேண்டி உழலாதிருந்திருப்பாரே என எமக்குத் தோன்றாமலில்லை.

1900க்குப் பின் அவர் உள்ளம் வேறுதிசை சென்றது. நீண்ட நேரம் வேலைசெய்த உணர்கருவி களைத்துப்போவதையும், ஓய்ந்தபின் மீள்வதையும் கண்டு, உயிரற்ற பொருளுக்கும் உயிருக்கும் இடையே உள்ள எல்லை எது என வினவலானார். செடிகளின் அசைவைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் அவ்வினாவின் பயன். 1901இல் ராயல் சொஸைட்டியில் உடலியல் அறிஞர் எதிர்த்தனர், கட்டுரை அச்சேறவில்லை. நிவேதிதை அம்மையார் அவர் நூல்களை எழுதத் துணைநின்றார். செடிகளைப் பற்றி அவர் கூறியவற்றுட் சில இன்றைய ஆராய்ச்சிக்கு ஒத்தன, சில மிகையாயின. அப்பகுதியைத் தாவரநூல் கற்றவர் எழுதுவதே தகுதி.

1915இல் கல்லூரியினின்றும் ஓய்வு பெற்றார். சத்தியேந்திரநாத போஸும் மேகநாத சாஹாவும் அவர்தம் மாணவர். 1917 நவம்பர் 30ஆம் நாள், தம் பிறந்தநாளில், கல்கத்தாவில் வஸு விஞ்ஞான மந்திரத்தைத் திறந்தார். அவ்வாண்டே ஸர் பட்டம் வந்தது. 1920இல் ராயல் சொஸைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. பத்தொன்பதாண்டுகளுக்கு முன் அவர் கட்டுரையை மறுத்த அதே சபை.

1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில், எழுபத்தொன்பது நிரம்புதற்கு ஒருவாரம் இருக்க, காலமானார். மக்கட்பேறு இல்லை. 1919இலேயே பெண்கல்விக்கெனச் சங்கம் நிறுவிய அபலாதேவியார் 1951 வரை வாழ்ந்து அப்பணியை நடாத்தினார். ஜகதீசர் தம் கையாற் செய்த கருவிகள் பல இன்றும் அம்மந்திரத்திற் பேணப்பட்டு வருகின்றன.